கற்பூரம் அடித்துச் செய்த சத்தியம் என் ஓட்டைக் கட்டுப்படுத்துமா?

கேள்வி: எனக்கு 54 வயது. மூன்று தலைமுறையாக எங்கள் குடும்பம் ஒரே கட்சி. அப்பா கிளைச் செயலாளராக இருந்தவர். கட்சித் தலைவர் பக்கத்தில் அவர் நிற்கும் படம் எங்கள் கூடத்தில் சாமி படங்களோடு மாட்டியிருக்கிறது. நான் 22 வருடமாக மகளிர் அணியில் இருக்கிறேன். எங்கள் ஊர் ஏரியில் சவுடு மண் எடுக்க அனுமதி வாங்கியவர்கள், அனுமதித்த ஆழத்தைத் தாண்டி ராத்திரி முழுக்க அள்ளினார்கள். லாரிகள் எங்கள் கட்சிக்காரர்களுடையவை. ஒன்றியத்தில் போய்ச் சொன்னேன். “நம்ம ஆளுங்கதான், கண்டுக்காதம்மா” என்றார்கள். இரண்டாவது தடவை சொன்னதும் பூத் கமிட்டியிலிருந்து என் பெயரை எடுத்துவிட்டார்கள். இனி அந்தச் சின்னத்தில் ஓட்டுப் போட மனசு வரவில்லை. விலகப்போகிறேன் என்றால், கட்சித் தாவல் சட்டத்தில் கேஸ் வரும் என்கிறார் ஒருவர். மாமியாரின் முதியோர் பணம் நின்றுவிடும் என்கிறார் இன்னொருவர். போன தேர்தலில் 500 ரூபாய் கொடுத்து, “என்னைக்கும் நம்ம சின்னத்துக்குத்தான்” என்று கற்பூரம் அடித்துச் சத்தியம் வாங்கினார்கள். அது உறுத்துகிறது. எங்கள் பூத்தில் மொத்தமே 700 ஓட்டு. மாற்றிப் போட்டால் தெரிந்துவிடாதா? “கட்சியை விட்டா உங்க அப்பாவையே விட்ட மாதிரி” என்கிறார் கணவர். பேசாமல் ஓட்டே போடாமல் இருந்துவிடட்டுமா?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

கட்சியின் பெயரை நீங்கள் எழுதவில்லை. அது தெரிந்தாலும் என் பதிலில் ஒரு எழுத்துகூட மாறாது.

உங்களைப் பயமுறுத்தியவர்களை முதலில் பார்த்துவிடுவோம். கட்சித் தாவல் தடைச் சட்டம் 1985-இல் அரசியல் சட்டத்தின் பத்தாவது அட்டவணையாக வந்தது. அது நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கும் சட்டமன்ற உறுப்பினர்களுக்கும் உரியது. அவர்களுக்கும்கூட பதவிதான் போகும், யாரும் ஜெயிலுக்குப் போவதில்லை. கட்சியில் சாதாரண உறுப்பினராக இருப்பவர் எந்த நாளிலும், காரணம் சொல்லாமலே வெளியே வரலாம். சங்கம் சேரும் உரிமையை அரசியல் சட்டத்தின் 19-ஆவது பிரிவு கொடுக்கிறது. சேர உரிமை உள்ளவருக்கு விலகவும் உரிமை உண்டு. “கேஸ் போடுவேன்” என்பவரிடம், எந்தச் சட்டம், எந்தப் பிரிவு என்று எழுதித் தரச் சொல்லுங்கள். எழுத மாட்டார்.

மாமியாரின் உதவித்தொகையைக் கட்சி கொடுக்கவில்லை, அரசு கொடுக்கிறது. அதற்கு ஆணை போடுகிறவர் சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி வட்டாட்சியர். மருமகள் எந்தக் கட்சி என்ற கேள்விக்கு அந்த விண்ணப்பத்தில் இடமே கிடையாது. ஒருவேளை ஏதாவது ஒரு மாதம் பணம் வரவில்லை என்றால் யார் வீட்டு வாசலிலும் போய் நிற்காதீர்கள். தாலுகா அலுவலகத்தில் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகக் குறைதீர்க் கூட்டத்தில் மனு கொடுத்து ரசீது வாங்குங்கள். அதற்கும் அசையவில்லை என்றால் 10 ரூபாய் கட்டணத்தில் தகவல் உரிமைச் சட்டப்படி கேட்கலாம். 30 நாளில் பதில் வர வேண்டும். ஆதார், வங்கிப் புத்தகம், உதவித்தொகை ஆணை மூன்றையும் இப்போதே நகல் எடுத்து வைத்துவிடுங்கள்.

அடுத்தது கற்பூரம். உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் வலித்த இடம் இதுதான்.

பணம் கொடுத்தது தேர்தல் லஞ்சம். வாங்கியதும் அதே குற்றம்தான். பாரதிய நியாய சன்ஹிதாவின் 170-ஆவது பிரிவு இருவரையும் சேர்த்துத்தான் சொல்கிறது, ஓராண்டு வரை சிறை உண்டு. இதை உங்களிடம் மறைத்துவிட்டு மற்றதைப் பேசினால் நான் வழக்கறிஞராக இருப்பதற்கே அர்த்தமில்லை. இனி யார் கொடுத்தாலும் வாங்காதீர்கள். அப்புறம், சத்தியத்தையும் சட்டம் விட்டுவைக்கவில்லை. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 1951-இல் 123-ஆவது பிரிவு, முறைகேடான தேர்தல் செயல்களைப் பட்டியல் போடுகிறது. ‘இப்படி ஓட்டுப் போடாவிட்டால் தெய்வக் குற்றம் ஆகிவிடும்’ என்று வாக்காளரை நம்பவைப்பது அதில் தனியாகவே இருக்கிறது. பால் மேலும் பிள்ளை தலை மேலும் வாங்குகிற சத்தியங்கள் எல்லாம் அந்த வகைதான். கற்பூரத்தை உங்கள் முன்னால் ஏற்றியவர்தான் அங்கே தப்புச் செய்தவர். சட்டத்துக்குப் புறம்பான காரியத்துக்காகக் கொடுத்த வாக்கு செல்லாது என்று 1872-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டமும் சொல்கிறது.

சட்டம் இவ்வளவு சொன்னாலும் ராத்திரி தூக்கம் வராது, அது எனக்குத் தெரியும். என்னிடம் வரும் பெண்கள் பலர் இதே கேள்வியைக் குரலைத் தாழ்த்திக் கேட்டிருக்கிறார்கள். படித்தவர்களும் கேட்டிருக்கிறார்கள். அவர்களுக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன். அந்த 500 ரூபாயை நீங்கள் கும்பிடும் கோயில் உண்டியலில் போட்டுவிட்டு, நடந்ததை நடந்தபடி சாமியிடம் சொல்லுங்கள். அது உங்களுக்கும் சாமிக்கும் நடுவில் உள்ள விஷயம். அதில் ஒன்றியச் செயலாளருக்கு இடம் இல்லை.

பூத் விஷயத்தில் உங்கள் பயம் பாதி சரி. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

வாக்கு எண்ணிக்கையின்போது வேட்பாளரின் முகவராக உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு மேசையிலும் ஒரு பூத்தின் இயந்திரத்தைத் திறந்து, எந்தச் சின்னத்துக்கு எத்தனை என்று வாசிப்பார்கள். எல்லாக் கட்சி முகவர்களும் பேப்பரில் குறித்துக்கொள்வார்கள். பிறகு படிவம் 20 என்ற பட்டியலில் பூத் வாரியான கணக்கு வெளியாகிவிடும், யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். ஆகவே “உங்க தெருவுல நமக்கு 40 ஓட்டுக் குறைஞ்சிருக்கு” என்று அவர்களால் சொல்ல முடியும். வாக்குச்சீட்டுக் காலத்தில் இதைத் தடுக்க, பல பூத் சீட்டுகளை ஒன்றாகக் கலந்து எண்ணச் சொல்ல விதியில் இடம் இருந்தது. இயந்திரம் வந்தபின் அந்தப் பாதுகாப்பு போய்விட்டது. பல இயந்திரங்களின் ஓட்டைக் கூட்டி மொத்தமாக மட்டும் காட்டுகிற டோட்டலைசர் கருவியைக் கொண்டுவரச் சட்ட ஆணையம் 2015-இல் தன் 255-ஆவது அறிக்கையில் பரிந்துரைத்தது. இன்னும் வரவில்லை. சிறிய ஊர்களில் வாழ்கிற உங்களைப் போன்றவர்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்பது நகரத்தில் இருப்பவர்களுக்குப் புரிவதில்லை என்ற வருத்தம் எனக்கு உண்டு.

ஆனால் அந்த 40 பேர் யார் என்று அவர்களுக்குத் தெரிய வழி இல்லை. பட்டனை அழுத்தியதும் ஒப்புகைச் சீட்டு கண்ணாடிக்குப் பின்னால் 7 விநாடி தெரிந்துவிட்டு, மூடிய பெட்டிக்குள் விழுந்துவிடும். அதில் உங்கள் பெயரோ வரிசை எண்ணோ இருக்காது. நீங்கள் கையெழுத்துப் போடும் பதிவேட்டில் நீங்கள் வந்தது மட்டும்தான் இருக்கும். அந்தப் பதிவேட்டையும் சீட்டுகளையும் சீல் வைத்துவிடுவார்கள், பிறகு நீதிமன்ற உத்தரவு இல்லாமல் திறக்க முடியாது. யாருக்கு ஓட்டுப் போட்டாய் என்று சாட்சிக் கூண்டில் நிற்பவரிடம்கூடக் கேட்கக் கூடாது என்கிறது மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 94-ஆவது பிரிவு. ரகசியத்தை வெளியே விடும் தேர்தல் அலுவலருக்கு 3 மாதம் வரை சிறை என்கிறது 128. நான் பார்த்தவரை ஓட்டு வெளியே தெரிவதெல்லாம் வாய் வழியாகத்தான். நாத்தனாரிடம் சொன்னது, டீக்கடையில் கணவர் சொன்னது, இப்படி. கேட்டவர்களுக்கு “போட்டாச்சு” என்ற ஒரு வார்த்தை போதும்.

ஓட்டே போடாமல் இருந்துவிடட்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். சட்டப்படி அதுவும் உங்கள் உரிமை. வாக்களிக்காமல் இருப்பதையும் தேர்தல் உரிமை என்றே அந்தச் சட்டத்தின் 79-ஆவது பிரிவு சேர்த்துச் சொல்கிறது. ஆனால் நீங்கள் பூத் கமிட்டியில் இருந்தவர், யோசித்துப் பாருங்கள். ஏஜென்ட் கையில் வாக்காளர் பட்டியல் இருக்கிறது. வந்தவர் பெயரை டிக் அடிக்கிறார். மத்தியானம் மூன்று மணிக்கு, டிக் விழாத வீடுகளுக்கு ஆள் போகிறது. நீங்களே எத்தனை தடவை போயிருப்பீர்கள்! உள்ளே போய் எந்தப் பட்டனை அழுத்தினாலும் அவர்களுக்குத் தெரியாது. போகாமல் இருந்தால்தான் தெரியும். நீங்கள் பயந்து தேர்ந்தெடுக்க நினைக்கிற வழிதான் அவர்கள் கண்ணுக்குத் தெரிகிற ஒரே வழி. போதாததற்கு, டிக் விழாத பெயரில்தான் கள்ள ஓட்டு விழும். நீங்கள் வெறுத்து ஒதுங்கிய ஓட்டு அதே சின்னத்தில் போய் விழுந்தால் எப்படி இருக்கும்?

நோட்டா இருக்கிறதே என்பீர்கள். அது பிறந்ததே ரகசியத்துக்காகத்தான். முன்பு 49-ஓ விதிப்படி, யாருக்கும் ஓட்டுப் போட விருப்பமில்லை என்பதை வாக்குச்சாவடி அலுவலரிடம் சொல்லிப் பதிவேட்டில் எழுதவைக்க வேண்டும், முகவர்கள் பார்த்துக்கொண்டிருப்பார்கள். இதில் ரகசியம் போகிறது என்று தொடர்ந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 2013 செப்டம்பரில் தீர்ப்புச் சொன்ன பிறகுதான் இயந்திரத்தில் நோட்டா பட்டன் வந்தது. அடுத்த வருட நாடாளுமன்றத் தேர்தலில் நீலகிரித் தொகுதியில் 46,559 பேர் அதை அழுத்தினார்கள். 2024-இல் மத்தியப் பிரதேசத்தின் இந்தூரில் 2 லட்சத்துக்கும் மேற்பட்டோர் நோட்டாவுக்குப் போட்டு, அது இரண்டாம் இடத்துக்கே வந்தது. ஆனாலும் முதலில் வந்த வேட்பாளர்தான் எம்.பி. நோட்டா எத்தனை வாங்கினாலும் முடிவு மாறாது. எல்லா வேட்பாளரும் மோசம் என்று விசாரித்துப் பார்த்து முடிவுக்கு வந்தால் அதை அழுத்துங்கள், தப்பில்லை. விசாரிக்காமல் அங்கே போகாதீர்கள் என்பதுதான் என் எண்ணம்.

விசாரிக்க வழி இருக்கிறது. ஒவ்வொரு வேட்பாளரும் வேட்புமனுவோடு படிவம் 26-இல் பிரமாண வாக்குமூலம் கொடுக்க வேண்டும். அவர்மேல் உள்ள குற்ற வழக்குகள், சொத்து, கடன், தொழில், அரசோடு செய்த ஒப்பந்தங்கள் எல்லாம் அதில் வரும். தேர்தல் ஆணையத்தின் இணையதளத்திலேயே கிடைக்கிறது. வீட்டில் படிக்கிற பிள்ளை யாராவது இருந்தால் ஐந்து நிமிடத்தில் எடுத்துக் கொடுத்துவிடும். உங்கள் ஏரியை அள்ளியவர்களோடு தொழில் வைத்திருப்பவர் யார் என்று பார்ப்பதற்கு அது நல்ல ஆரம்பம். ஒரு ஓட்டில் என்ன இருக்கிறது என்று நினைத்தால், 2016-இல் ராதாபுரத்தில் வித்தியாசம் 49 ஓட்டு. 2021-இல் சென்னை தியாகராய நகரில் 137. உங்கள் தெருவும் பக்கத்துத் தெருவும் சேர்ந்தால் அதைவிட அதிகம் வரும்.

இனி உங்கள் கணவர் சொன்னது. இதற்குச் சட்டப் புத்தகத்தில் பதில் இல்லை, என் வீட்டில் நடந்ததைத்தான் சொல்ல முடியும்.

1972-இல் கட்சி பிளந்தபோது என் அப்பா புதிய கட்சிக்குப் போனார். பெரியப்பா பழைய கட்சியிலேயே இருந்தார். ஒரே வீட்டின் நடுவில் தட்டி வைத்து அடைத்தார்கள். இரண்டு வருடம் பேச்சே கிடையாது. பெரியப்பா வீட்டுப் பிள்ளைகளோடு விளையாடியதற்காக நான் அடி வாங்கியிருக்கிறேன். பாட்டி இறந்த அன்றைக்குத்தான் தட்டியை எடுத்தார்கள். பாடையின் முன்பக்கம் ஒரு கரை வேட்டி, பின்பக்கம் இன்னொரு கரை வேட்டி. அதற்குப் பிறகும் இருவரும் கட்சி மாறவில்லை. ஆனால் தட்டியைத் திரும்ப வைக்கவில்லை. கடைசிவரை தேர்தல் நாளன்று ஒரே மாட்டு வண்டியில் போய், ஆளுக்கொரு சின்னத்தில் குத்திவிட்டு, ஒரே வண்டியில் திரும்பினார்கள்.

உங்களை இப்போது துரோகி என்கிறவர்கள் தங்கள் கட்சியின் வரலாற்றைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்கட்டும். 1949-இல் திராவிடர் கழகத்திலிருந்து வெளியே வந்தவர்கள் தி.மு.க.வைத் தொடங்கினார்கள். 1972-இல் அதிலிருந்து அ.தி.மு.க. பிறந்தது. 1994-இல் ம.தி.மு.க. 1996-இல் கூட்டணி பிடிக்காமல் காங்கிரசை விட்டு வந்தவர்களின் தமிழ் மாநில காங்கிரஸ், அந்தத் தேர்தலிலேயே 39 சட்டமன்றத் தொகுதிகளில் ஜெயித்தது. ராஜாஜி 1959-இல் சுதந்திராக் கட்சியைத் தொடங்கியபோது அவருக்கு வயது எண்பது. விலகலில் பிறந்த கட்சிகள் இத்தனை இருக்கிற மண்ணில், 54 வயதுப் பெண் ஒருத்தி ஏரிக்காக விலகுவது எப்படித் துரோகமாகும்?

உங்கள் அப்பா எதற்காக அந்தக் கொடியைப் பிடித்தார் என்று கணவரிடம் கேளுங்கள். அவர் கூட்டத்தில் என்ன பேசினார், ஊருக்கு என்ன கொண்டுவந்தார் என்பது கணவருக்கும் நினைவிருக்கும். அவர் இருந்திருந்தால் ராத்திரி லாரியைப் பார்த்து என்ன செய்திருப்பார் என்ற கேள்வியை வைத்துவிட்டு, பதிலுக்கு அவசரப்படாதீர்கள். கணவர் அந்தக் கட்சியிலேயே இருக்க விரும்பினால் இருக்கட்டும், அவர் ஓட்டு அவருடையது. படத்தையும் கழற்ற வேண்டாம். அதில் நிற்பவர் உங்கள் அப்பா.

விலகுவதோடு ஏரி நிரம்பிவிடாது, அதையும் சொல்லியாக வேண்டும். விலகல் கடிதத்தில் ஏரியைப் பற்றி ஒரு வரியும் எழுதாதீர்கள். இரண்டையும் கலந்தால், “பதவி கிடைக்காத கோபத்தில் புகார் சொல்கிறாள்” என்று ஒரே வாக்கியத்தில் முடித்துவிடுவார்கள். புகாரை ஏரிப் பாசன விவசாயிகளோடு சேர்ந்து, ஊர்க்காரராக, பலர் கையெழுத்தோடு கொடுங்கள். முதலில் சவுடு எடுக்கக் கொடுத்த அனுமதி ஆணையின் நகலைத் தகவல் உரிமையில் வாங்குங்கள். சர்வே எண், ஆழம், கன மீட்டர், எத்தனை நாள் என்பதெல்லாம் அதில் இருக்கும். அதை வைத்துக்கொண்டு கோட்டாட்சியரிடமும் மாவட்டக் கனிமவளத் துறையிடமும் மனு கொடுங்கள். நடவடிக்கை இல்லை என்றால் சென்னையில் உள்ள பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வுக்குப் போகலாம். பொதுவாக 6 மாதத்துக்குள் போய்விட வேண்டும், தேதியைக் குறித்து வையுங்கள்.

ராத்திரியில் லாரியை மறிக்க மட்டும் தனியாகப் போகாதீர்கள். 2023-இல் தூத்துக்குடி மாவட்டத்தில் மணல் கடத்தல் பற்றிப் புகார் கொடுத்த கிராம நிர்வாக அலுவலரை அவருடைய அலுவலகத்துக்குள்ளேயே வெட்டிக் கொன்றார்கள். உங்களை நான் பயமுறுத்தவில்லை. எனக்கே பயமாக இருப்பதால் சொல்கிறேன்.

விலகல் கடிதத்துக்கு நான்கு வரி போதும். “இன்ன கிளையில், இன்ன உறுப்பினர் எண் கொண்ட நான், இன்ன தேதி முதல் கட்சியின் அடிப்படை உறுப்பினர் பொறுப்பிலிருந்தும் மகளிர் அணிப் பொறுப்பிலிருந்தும் விலகுகிறேன். என் பெயரையும் படத்தையும் இனிக் கட்சியின் சுவரொட்டி, பேனர் எதிலும் பயன்படுத்த வேண்டாம்.” கிளைக்கும் மாவட்டத்துக்கும் ஸ்பீடு போஸ்டில் அனுப்பி, ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். உறுப்பினர் அட்டையின் நகலை வைத்துக்கொண்டு அசலைச் சேர்த்து அனுப்பலாம். ஏற்றுக்கொண்டோம் என்ற பதிலுக்காகக் காத்திருக்கத் தேவையில்லை.

ஆனால் அந்தக் கடிதத்துக்கும் முன்னால் ஒன்று. 22 வருடம் மகளிர் அணியில் இருந்தவர் வீட்டில் நன்கொடை ரசீதுப் புத்தகம் ஒன்றாவது இருக்கும். விலகுகிறவர் மேல் முதலில் வீசுகிற பழி, “கட்சிப் பணத்தை எடுத்துக்கொண்டாள்” என்பதுதான். இந்த வழக்குகளை நான் நிறையப் பார்த்துவிட்டேன். எழுதிய ரசீது எத்தனை, எழுதாதது எத்தனை, வசூலான பணம் யாரிடம் எந்தத் தேதியில் கொடுத்தது என்று ஒரு தாளில் எழுதி, புத்தகத்தோடு ஒப்படைத்து, இரண்டு பேர் முன்னால் கையெழுத்து வாங்குங்கள். வாங்க மறுத்தால் அதையும் தபாலிலேயே அனுப்புங்கள். இந்த வாரமே அதை முடித்துவிடுங்கள், கடிதம் அடுத்த வாரம் போகட்டும்.